ராமநாதபுரம் கடலோரக் குளத்தில் பெரிய கொடுவா வளர்க்க ஒரு வழிகாட்டி

சொந்தக் குளத்தில் வளர்த்த ட்ரவுட் மீனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக் காட்டும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, நம் பக்கத்தில் அது வளருமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வளராது. புரூக் ட்ரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல்தான். தமிழ்நாட்டில் ட்ரவுட் இனத்துக்கு இடம் என்றால் நீலகிரியில் அவலாஞ்சி மாதிரியான மேட்டு நிலம். தேவிபட்டினத்திலும் ஏர்வாடியிலும் கோடையில் குளத்துத் தண்ணீர் விடிகாலையிலேயே 28 டிகிரிக்கு மேல் இருக்கும்.

ஆனால் ட்ரவுட் வளர்ப்பவர்கள் மீனைப் பெரிதாக்கும் வழி நமக்கும் பொருந்தும். குஞ்சு குறைவாக விட வேண்டும், ஒரே அளவு மீன்களாகப் பிரித்து வைக்க வேண்டும், அவசரப்படக் கூடாது. இந்த வழிக்கு நம் கடலோரத்தில் ஏற்ற மீன் கொடுவா. சுடுநீர் தாங்கும். நல்ல தண்ணீரிலிருந்து கடல்நீர் வரை எந்த உப்பிலும் வாழும். இரையைத் துரத்திப் பிடிக்கும் மீன், சதையில் சின்ன முள் இல்லை, மூன்று கிலோவைத் தாண்டினால் துண்டு போடும் கடைக்காரர்கள் தேடி வருவார்கள். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் 2010இல் கடல்விராலைக் குஞ்சு பொரிக்க வைத்தது. அதுவும் வேகமாகப் பெரிதாகும் மீன்தான். இருந்தாலும் அது கடலில் கூண்டு போடுபவர்களுக்கு ஏற்றது. குளம் வைத்திருக்கும் புதியவர் கொடுவாவில் தொடங்குவதே நல்லது.

கீழே சொல்லும் கணக்கெல்லாம் 50 சென்ட் குளத்துக்கு. அதாவது ஏறக்குறைய 2,000 சதுர மீட்டர் நீர்ப்பரப்பு, ஐந்தடி ஆழம். உங்கள் குளம் பெரியதோ சிறியதோ, அதற்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக் கொள்ளுங்கள்.

இடமும் அனுமதியும்

மண்வெட்டி எடுக்கும் முன் காகித வேலையை முடியுங்கள். கடலோரத்தில் உப்புநீரில் மீன் வளர்க்க, 2005ஆம் ஆண்டின் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டப்படி பதிவு வேண்டும். விண்ணப்பத்தை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டு வாங்கலாம். விளைநிலத்தையோ அலையாத்திக் காட்டையோ குளமாக மாற்ற அனுமதி கிடைக்காது, கேட்கவும் கூடாது. காரங்காட்டு அலையாத்திப் பக்கம் நிலம் மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை நிறுத்திக் கொள்ளுங்கள். பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020இல் வந்தது. புதிய உவர்நீர்க் குளத்துக்கு அதில் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் 60 விழுக்காடும் மானியம் என்று வைத்திருந்தார்கள். குளம் வெட்டும் முன்பே இப்போதைய நிலவரத்தை அலுவலகத்தில் விசாரித்து விடுங்கள். வெட்டி முடித்தபின் கேட்டால் பயன் இருக்காது.

இன்னொன்று சட்டத்துக்கும் மேலான விஷயம். நம் ஊர்களில் குடிதண்ணீர் என்பது ஓர் ஊருணியும் இரண்டு கிணறும்தான். உப்புக் குளத்துத் தண்ணீர் மணலுக்குள் இறங்கிப் பக்கத்துக் கிணற்றைக் கெடுத்தால் அதைத் திரும்பச் சரி செய்ய முடியாது. ஊருணியும் கிணறும் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள், குளத்துக்கான இடத்தை அவற்றுக்கு எட்டாத தூரத்தில் தேடுங்கள்.

மண்ணைப் பரிசோதிக்க எளிய வழி உண்டு. இடுப்பளவுக் குழி வெட்டி மாலையில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காலையில் போய்ப் பாருங்கள், மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாம் நாளும் பாதிக்குக் கீழே இறங்கினால் அது மணல் நிலம். அங்கே கண்மாய்க் களிமண் கொண்டு வந்து கரையிலும் தரையிலும் மெத்திப் போட வேண்டும், இல்லையென்றால் பிளாஸ்டிக் தாள் விரிக்க வேண்டும். சீமைக்கருவேலம் மண்டிய நிலமாக இருந்தால் வேரை முழுக்கத் தோண்டி எடுத்துவிடுங்கள். கரைக்குள் விட்ட வேர் மட்கினால் அந்த ஓட்டை வழியே தண்ணீர் போகும்.

பாக் நீரிணைப் பக்கம் கடலின் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஓதத்தை நம்பிக் குளம் நிரப்ப முடியாது, பம்பு வேண்டும். அந்த மின்சாரச் செலவை முதல் நாளே கணக்கில் எழுதிக் கொள்ளுங்கள்.

குளத்தைத் தயார் செய்தல்

வெயிலில் தரை வெடிக்கும் வரை காய விடுங்கள். ஏர் ஓட்டி, மண் பரிசோதனை சொல்லும் அளவுக்குச் சுண்ணாம்பு தூவுங்கள். புளிப்பு இல்லாத மண்ணுக்கு அதிகம் தேவைப்படாது. அப்புறம் ஓரடித் தண்ணீர் வைத்து, 120 கிலோ இலுப்பைப் புண்ணாக்கை ஊற வைத்துக் கரைத்து வீசினால் ஒளிந்திருக்கும் வேற்று மீன்கள் மிதந்து விடும். அதன் நஞ்சு முறிய மூன்று வாரம் விடுங்கள். பிறகு தண்ணீர் ஏற்றும்போது குழாய் வாயில் நெருக்கமான வலைப்பை கட்டாயம் கட்டுங்கள்.

இப்போது ஜிலேபிக் கெண்டை. இதுதான் கொடுவாவுக்கு உயிருள்ள இரை. நம் கண்மாய்களில் தானாகவே கிடக்கும் ஜிலேபியே போதும். 1952இல் இந்தியாவுக்குள் வந்த இனம் அது, உப்புத் தண்ணீரிலும் குஞ்சு பொரிக்கும். நைல் திலேப்பியா வளர்க்கத் தனி அனுமதி வேண்டும், அந்தப் பக்கம் போக வேண்டாம். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கில் முந்நூறு நானூறு தாய் மீன் விட்டு, கோழி எரு கொஞ்சம் போட்டு ஒன்றிரண்டு மாதம் விட்டுவிட்டால் குளத்தோரம் எல்லாம் குஞ்சு நிற்கும்.

எத்தனை குஞ்சு விடுவது

பெரும்பாலோர் தடம் மாறுவது இந்த இடத்தில்தான். ஒரு கிலோ மீனுக்காக வளர்ப்பவர்கள் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்று என்று விடுவார்கள். அந்தக் கணக்கில் நம் குளத்துக்கு 2,000 குஞ்சு வரும். அத்தனையும் ஒரு கிலோவுக்கு வந்தால் குளத்தில் இரண்டு டன் மீன். அதற்கு மேல் அவை பெரிதாக வேண்டும் என்றால் தண்ணீர் தாங்காது. காரணம் உயிர்வளி, அதாவது ஆக்சிஜன். 15 டிகிரி நன்னீர் ஒரு லிட்டரில் பத்து மில்லிகிராம் உயிர்வளியைப் பிடித்து வைக்கும். நம் 30 டிகிரி கடல்நீர் எவ்வளவு கலக்கினாலும் ஆறு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேலேதான் பிடிக்கும். கொடுவா நன்றாகத் தின்று வளரக் குறைந்தது ஐந்து வேண்டும். ஆக நம் கையில் இருக்கும் மிச்சம் ஒரே ஒரு மில்லிகிராம். மலைநாட்டுக்காரர் இருபது மீன் வைக்கும் இடத்தில் நாம் இருபது வைக்க முடியாதது இதனால்தான்.

அதனால் என் கணக்கு இது: 600 குஞ்சு விடுங்கள். ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ வந்ததும் பாதியைப் பிடித்து விற்றுவிடுங்கள். மீதி 300. ஒரு மீனுக்கு ஆறேழு சதுர மீட்டர் இடம். அவை மூன்று கிலோ வந்தாலும் மொத்தம் 900 கிலோதான், தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் இரண்டு வைத்துச் சமாளித்து விடலாம். இடையில் விற்ற பணம் அடுத்த ஆண்டுத் தீனிக்கு ஆகும். "இவ்வளவு பெரிய குளத்துக்கு 600 தானா?" என்று குஞ்சு கொண்டு வருபவரே கேட்பார். கேட்கட்டும். எண்ணிக்கையைக் குறைக்காமல் எடையை ஏற்ற முடியாது.

குஞ்சைப் பொரிப்பகத்திலிருந்தே வாங்குங்கள். சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இலேயே கொடுவாவைப் பொரிப்பகத்தில் பெருக்கிக் காட்டிவிட்டது. சீர்காழிக்குப் பக்கத்தில் தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் பொரிப்பகம் இருக்கிறது. முகத்துவாரத்தில் வாரிய குஞ்சு என்று யாராவது கொண்டு வந்தால் வேண்டாம். ஒரே அளவாக இருக்காது, என்ன நோய் சுமந்து வருகிறது என்றும் தெரியாது, கடலுக்கும் கேடு.

ஓர் அங்குலக் குஞ்சு மலிவு, நான்கு அங்குலக் குஞ்சு விலை கூட. முதல் முறை செய்பவர் விலை கூடியதையே வாங்கலாம் என்பேன். ஏன் என்பது அடுத்த பகுதியைப் படித்தால் தெரியும்.

பை வந்ததும் குளத்தில் கால்மணி, அரைமணி நேரம் மிதக்க விட்டு, குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். உங்கள் குளத்து உப்பளவை முன்கூட்டியே சொன்னால் பொரிப்பகத்திலேயே அதற்குப் பழக்கி அனுப்புவார்கள். உப்பு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும்.

ஹாப்பாவும் தரம் பிரித்தலும்

ஹாப்பா என்பது குளத்துக்குள் கட்டும் வலைத்தொட்டி. வந்த குஞ்சை முதலில் விடுவது இதில்தான். கொடுவா தன் இனத்தையே தின்னும். தன் நீளத்தில் பாதிக்கு மேல், சில நேரம் மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள மீனைக்கூட விழுங்கப் பார்க்கும். ஹாப்பா வலையைத் தூக்கிப் பார்த்தால், ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்றின் வால் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் இரண்டும் செத்திருக்கும். இப்படிக் கண்ணில் படுவது கொஞ்சம். முழுதாக விழுங்கப்பட்டவை கணக்கிலேயே வராது. ஆயிரம் விட்டோம், ஒன்றுகூடச் செத்து மிதக்கவில்லை, ஆனால் எண்ணினால் நானூறுதான் இருக்கிறது என்பார்கள். நோய் என்று நினைப்பார்கள். நோய் இல்லை, இதுதான்.

தடுக்க ஒரே வழி, தரம் பிரிப்பது. குளத்துக்குள்ளேயே கம்பு ஊன்றி, இரண்டு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்தில் மூன்று நான்கு ஹாப்பா கட்டுங்கள். நான்கைந்து நாளுக்கு ஒரு முறை, வெயில் ஏறும் முன் எல்லாக் குஞ்சையும் வாரி, பெரிது, நடுத்தரம், சிறிது என்று பிரித்து வேறு வேறு ஹாப்பாவில் விடுங்கள். அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடை இருந்தால் வேலை சுலபம். சிறியது ஓட்டை வழியே கீழே இறங்கிவிடும், பெரியது கூடையில் நிற்கும். ஒரு ஹாப்பாவுக்குள் இருக்கும் மிகப் பெரியதற்கும் மிகச் சிறியதற்கும் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது.

பிரிக்கும்போது குஞ்சைக் கவனித்துப் பாருங்கள். சின்னதில் உடம்பு மண் நிறத்தில் திட்டுத் திட்டாக, மூக்கிலிருந்து முதுகுக்கு ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வளர வளர அந்தக் கோடு மறைந்து வெள்ளி நிறம் ஏறும். கூட்டத்தில் எல்லாம் வெளுத்தபின்னும் ஒன்று மட்டும் கருத்து, மூலையில் தனியே நின்றால் அது தீனி கிடைக்காமல் ஒடுங்கிய குஞ்சு. அதைச் சிறிய ஹாப்பாவுக்கு மாற்றினால் பெரும்பாலும் தேறிவிடும். கையுறை போட்டுக் கொள்ளுங்கள். செவுள் மூடியின் விளிம்பு பிளேடு போல விரலை அறுக்கும்.

வலைக்கண்ணில் பாசி அடைத்தால் உள்ளே தண்ணீர் ஓடாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ஆறு அங்குலம் தாண்டிய குஞ்சுகளை ஒரே நாளில், ஒரே அளவாகக் குளத்தில் விடுங்கள். பிந்தியவற்றை ஒரு வாரம் கழித்து விட்டால், முந்தியவற்றுக்கு அவை இரையாகிவிடும்.

தீனி

குளத்தில் இருக்கும் ஜிலேபி போக, நாம் போடும் தீனிக்கு இரண்டு வழி இருக்கிறது. கழிசல் மீன் என்று கரையில் கிடைக்கும் காரல், சூடை ஆகியவற்றை வெட்டிப் போடுவது ஒன்று. மிதக்கும் பெல்லட் என்ற உருண்டைத் தீனி இன்னொன்று. கழிசல் ஒரு கிலோ விலையைப் பார்த்தால் மலிவாகத் தெரியும். ஆனால் ஒரு கிலோ கொடுவாச் சதை ஏற ஆறேழு கிலோ கழிசல் வேண்டும், பெல்லட் என்றால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ. கழிசல் மிஞ்சினால் அடியில் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். இதைவிட முக்கியமான ஒன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதம் கழிசலுக்கு எங்கே போவது? சரியாக மீன் நன்றாகத் தின்னும் வெயில் காலம் அது. அதனால் ஹாப்பாவில் இருக்கும்போதே பெல்லட்டுக்குப் பழக்குங்கள். புரதம் 40 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் தீனியாகப் பாருங்கள். கெண்டைத் தீனி போட்டால் கொடுவா வளராது, ஜிலேபிதான் கொழுக்கும்.

போடும் முறை எளிது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம். சின்னதில் மூன்று வேளை, அரைக்கிலோவுக்கு மேல் காலை மாலை, இரண்டு கிலோவுக்கு மேல் ஒரு வேளை போதும். ஒரு கைப்பிடி வீசிவிட்டுக் காது கொடுங்கள். கொடுவா வாயைத் திறந்து தண்ணீரோடு தீனியை உறிஞ்சும்போது "டப்" என்று அறைவது போல ஒரு சத்தம் கேட்கும். சத்தம் அடுத்தடுத்து வரும் வரை வீசுங்கள். இடைவெளி விழ ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள். வாளியில் பாக்கி இருக்கிறதே என்று கொட்ட வேண்டாம். சத்தமே வரவில்லையா, தீனியை எடுத்துக் கொண்டு போய்த் தண்ணீரைப் பாருங்கள்.

மாதம் ஒரு முறை வீச்சுவலை போட்டுப் பதினைந்து இருபது மீனை எடை பார்த்து நோட்டில் எழுதுங்கள். தீனிக் கணக்கும் அதே நோட்டில் இருக்கட்டும். தீனி ஏறியும் எடை ஏறவில்லை என்றால் அந்த நோட்டுதான் முதலில் காட்டிக் கொடுக்கும்.

இரவும் மழையும் கோடையும்

ஒரு குளத்தில் வரும் சாவில் பெரும்பாலானவை விடிகாலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் நடக்கும். பகலில் பாசி உயிர்வளியைக் கொடுக்கும், இரவில் அதுவும் சேர்ந்து மூச்சு விடும். இரவு பத்து மணியிலிருந்து விடியும் வரை ஏரேட்டர் ஓட வேண்டும். மின்சாரம் போனால் ஓட்ட டீசல் இயந்திரம் ஒன்று தயாராக நிற்க வேண்டும். இந்த ஒரு செலவில் சிக்கனம் பார்க்கவே வேண்டாம். 300 பெரிய மீன் போக ஒரு மணி நேரம் போதும். இரவில் டார்ச் அடித்தால் கொடுவாவின் கண் சிவப்பாக மின்னும். அந்தக் கண்கள் ஆழத்தில் பரவி இருந்தால் நல்லது. எல்லாம் ஏரேட்டர் பக்கத்திலோ மேல்மட்டத்திலோ ஒதுங்கி நின்றால் உயிர்வளி குறைந்துவிட்டது.

வாடைக் காற்றோடு மழை கொட்டும் ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் உப்புநீருக்கு மேலே தனி அடுக்காக நிற்கும். கீழே காற்றே போகாது. மதகில் மேல் பலகையை மட்டும் எடுத்து அந்த மேல் தண்ணீரை வெளியேற்றுங்கள், ஏரேட்டரைப் பகலிலும் ஓட்டுங்கள், மூட்டமான நாளில் தீனியைப் பாதியாக்குங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கரையைச் சுற்றி வந்து, எங்காவது தாழ்ந்த இடம் இருக்கிறதா என்று பார்த்து மண்மூட்டை அடுக்குங்கள்.

கோடையில் இதற்கு நேர் எதிர். கச்சான் காற்று அடித்துத் தண்ணீர் வற்றும், உப்பு கடல்நீரையும் தாண்டும். தாண்டினால் தீனி குறையும், வளர்ச்சி நிற்கும். போர்த் தண்ணீரையோ கடல்நீரையோ பார்த்து, எது உப்பு குறைவோ அதைச் சேருங்கள். நீர்க்காகத்துக்குக் குளத்தின் மேல் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டினால் போதும், வலை வேண்டாம்.

நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உடம்பில் பேன் ஒட்டினால், பிடித்து நல்ல தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் முக்கி எடுங்கள், கடல் பேன் உதிர்ந்துவிடும். புண், வீங்கிய கண், சுழன்று சுழன்று நீந்துவது எதைப் பார்த்தாலும் மீன்வளத் துறையிடமோ ஆராய்ச்சி நிலையத்திலோ மாதிரி கொடுங்கள். கடையில் யாரோ தரும் ஆன்டிபயாட்டிக்கைத் தண்ணீரில் கொட்டாதீர்கள். குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் வகைகள் மீன்வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. நம் பிள்ளைகளும் இந்த மீனைத்தான் சாப்பிடப் போகிறார்கள்.

எப்போது பிடிப்பது

மழை ஓய்ந்து தை, மாசியில் குஞ்சு விட்டால் அடுத்த ஆண்டுத் தடைக்காலத்தில் முதல் பாதி விற்பனைக்கு வந்துவிடும். விசைப்படகு மீன் இல்லாத அந்த இரண்டு மாதம் நல்ல மீனுக்கு நல்ல விலை. மீதி 300 மீனை அதற்கடுத்த தடைக்காலம் வரை விடுங்கள். பராமரிப்பு சரியாக இருந்தால் மூன்று கிலோ வந்திருக்கும், சில அதையும் தாண்டும். ஐந்து கிலோ என்று ஆசைப்பட்டால் இன்னொரு ஆண்டு ஆகும். அதற்கு எண்ணிக்கையை நூறாகக் குறைத்துக் கொள்ளுங்கள். கொடுவா முதலில் ஆணாக வளர்ந்து, பெருத்த பின்தான் பெண்ணாக மாறும். அப்படி நோயில்லாமல் வளர்ந்த பெரிய மீன்களைச் சில பொரிப்பகங்கள் தாய் மீனாகவும் கேட்கும்.

பிடிப்பதற்கு முந்தின நாள் தீனி கிடையாது. விடியும் முன் வலை இழுத்து, மீனைக் கரையில் துள்ள விடாமல் நேராக ஐஸ் கலந்த தண்ணீரில் போடுங்கள். துள்ளிச் செத்த மீனின் சதை தளர்ந்துவிடும். மதுரைக்கு அனுப்புவதானால் மீன் எவ்வளவோ அவ்வளவு ஐஸ். வாங்குபவரிடம் ஒரு வாரம் முன்பே பேசி, அவர் கேட்கும் எண்ணிக்கை மட்டும் பிடியுங்கள். மீதி குளத்திலேயே இருக்கட்டும், அங்கே எடைதான் ஏறும்.

எல்லாம் முடிந்து குளத்தை வடிக்கும்போது அந்தத் தண்ணீரை நேராகக் கடலுக்கோ ஓடைக்கோ திறக்காதீர்கள். ஒரு தெளிவுக் குட்டையில் சில நாள் நிறுத்தி, சேறு அடங்கியபின் விடுங்கள். அடியில் சேர்ந்த கறுப்புச் சேற்றை வெட்டிக் கரையில் போட்டு, குளத்தை ஆடி வெயிலில் காயப் போட்டுவிட்டு அடுத்த குஞ்சுக்குச் சொல்லி வையுங்கள். தை மாதத்துக் குஞ்சை ஐப்பசிக்குள் சொன்னால்தான் நான்கு அங்குல அளவில் ஒன்றுபோல் கிடைக்கும்.